இருப்பும் செலவும்

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு 'இருப்பு' என்பது முதலில் தத்துவச் சொல் அல்ல. பாஸ் புத்தகத்தின் கடைசிப் பத்தியில் வருகிற எண் அது. எனக்கு முந்திய தலைமுறைச் சிறுபத்திரிகைக்காரர்கள் சார்த்தரைப் படித்துவிட்டு அந்தச் சொல்லை வேறொரு தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்; அங்கே அது கனத்துப் போயிற்று. நான் பகலில் ஓர் இருப்போடும் இரவில் இன்னோர் இருப்போடும் பத்து வருஷங்களாகக் காலம் தள்ளி வருகிறேன். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டதில்லை. சந்திக்க வைத்தது, சற்றும் எதிர்பாராத விதமாக, எங்கள் கிளையின் பின்கட்டில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம்.

மாசி, பங்குனியில் அந்த மரம் இலையாகக் கொட்டித் தீர்க்கும். பெருக்க வரும் அம்மாள் சருகையும் காய்களையும் மதிலோரம் குவித்துக் காலையிலேயே கொளுத்திவிடுவாள். நாங்கள் கவுன்ட்டரைத் திறக்கும்போது புகை ஜன்னல் வழியாக வந்து நகைக் கடனுக்கு நிற்பவர்களை இருமவைக்கும். ஒரு நாள் நான் போய், கொளுத்தாமல் மரத்தடியிலேயே தள்ளிவிடுங்கள், மண்ணுக்கு நல்லது, அதில் இருக்கிற கார்பன் மண்ணிலேயே தங்கும் என்றேன். பாதிப் படித்தவனின் உற்சாகம். "பாம்பு அடைஞ்சா யாரு சார் பதில் சொல்றது?" என்றாள். நான் நின்றுகொண்டே இருந்ததால் இன்னொன்றும் கேட்டாள்: "எரிச்சாலும் போவுது, மக்கினாலும் போவுது. எதுல சார் தங்குது?"

முதல் கேள்விக்கு மேனேஜர் பதில் சொல்லிவிட்டார். சருகு தொடர்ந்து எரிகிறது. இரண்டாவது கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கியவன் மண்ணியல் கட்டுரைகளைப் புரட்டுவதில் ஓர் அசட்டுத் துணிச்சல் இருக்கிறது. இருந்தாலும் புரட்டினேன். முதலில் தெரிந்துகொண்டது, அந்த அம்மாள் சொன்னதில் பெரும்பகுதி சரி என்பது. உலர்ந்த சருகின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு கார்பன். மரம் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. சருகு கீழே விழுந்த பிறகு பூஞ்சையும் பாக்டீரியாவும் கறையானும் மண்புழுவும் அதைத் தின்கின்றன. தின்றதில் பெரும்பகுதியை மூச்சாகக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. நம் ஊர் வெக்கையிலும் மழையிலும் ஓரிரு வருஷத்தில் சருகு என்று சொல்ல ஒன்றும் இராது. ஒரு சிறு பங்குதான் மண்ணுக்குள் இறங்குகிறது. ஆனால் அந்தச் சிறு பங்குகள் சேர்ந்ததுதான் உலகத்து மண்ணின் மேல் ஒரு மீட்டரில் உள்ள சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன். காற்றில் இருப்பதைவிட இது அதிகம். இதிலிருந்து வருஷாவருஷம் மூச்சாக வெளியேறுவதும் சாமானியமல்ல. நாம் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து வெளிவிடுவதைப்போலப் பல மடங்கு. வரவும் கிட்டத்தட்ட அதே அளவு இருப்பதால் பிழைத்தோம். கையிருப்பு பெரிது, புழக்கமும் பெரிது. எந்த வங்கிக்காரனுக்கும் பிடித்துப்போகிற ஸ்திதி.

வங்கிக்காரப் புத்திக்கு அடுத்துத் தோன்றுவது ஒன்றுதான்: வரவைக் கூட்டினால் இருப்பு கூடும். இரண்டு மடங்கு சருகு போட்டால் இரண்டு மடங்கு இல்லாவிட்டாலும் ஏதோ கொஞ்சம் ஏற வேண்டும். இந்த அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விஸ்கான்சினில் ஃபிரான்சிஸ் ஹோல் என்ற பேராசிரியர் (வயலின் வாசித்து, மண்ணைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடியவர், அப்படிப்பட்ட ஆசிரியர் நமக்கு ஏன் வாய்க்கவில்லை என்பது தனி விசாரம்) 1950களில் தொடங்கிவைத்த முறை இது. காட்டில் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு பாத்தியில் விழும் இலையை வாரி இன்னொரு பாத்தியில் போட்டுவிடுவது. ஒன்று பட்டினி கிடக்கும், ஒன்று இருமடங்கு உண்ணும், மூன்றாவது வழக்கம்போல் இருக்கும். மாசசூசெட்ஸில் ஹார்வர்ட் காட்டில் இதையே 1990-ல் தொடங்கினார்கள். பனாமாவில் கிகாந்தே தீபகற்பத்து மழைக்காட்டில் 2003-லிருந்து, 45 மீட்டருக்கு 45 மீட்டர் என்று பதினைந்து துண்டுகளில், மாதா மாதம் ஐந்து துண்டுகளின் சருகை வாரி வேறு ஐந்து துண்டுகளில் பரப்பினார்கள். பதினைந்து வருஷம், மாதந்தோறும். இந்தப் பொறுமைக்கு முன்னால் நம்முடைய இலக்கிய இயக்கங்களின் ஆயுளை நினைத்துக்கொள்ளலாம்.

பட்டினி கிடந்த ஹார்வர்ட் பாத்தி கார்பனை இழந்தது, அது எதிர்பார்த்ததே. ஆனால் இருபது வருஷம் இருமடங்கு உண்ட பாத்தியில் இருப்பு ஏறவில்லை. பனாமாவில் ஏறியது சொற்பம். ஏறியதும் சீக்கிரம் கரைந்துபோகக்கூடிய மேலோட்டமான வகை. களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு நீண்ட நாள் கிடக்கிற வகை கூடவே இல்லை. விஸ்கான்சினில் ஐம்பது வருஷத்துக்குப் பிறகு கூடியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மண் வேறு பதில் சொல்கிறது. ஆனால் போட்ட அளவுக்குப் பற்று வைக்கிற கணக்குப்பிள்ளை அது அல்ல என்பது எல்லா இடத்திலும் உறுதி.

போட்டது எங்கே போயிற்று? இதற்கான பதில் 1926-லேயே எட்டிப் பார்த்திருக்கிறது. லோனிஸ் என்பவர் பசுந்தாள் உரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, புதுத் தழையை மண்ணில் மடக்கினால் அந்தத் தழை மட்டுமல்லாமல் மண்ணில் ஏற்கெனவே கிடந்த பழைய மக்கும் சேர்ந்து கரைவதைக் கண்டார். புதிதாக வந்த சாப்பாடு, அரைத் தூக்கத்தில் கிடந்த நுண்ணுயிர்களை எழுப்பிவிடுகிறது. எழுந்தவை புதியதை மட்டும் தின்று திருப்தி அடைவதில்லை. வைக்கோலில் கார்பன் நிறைய, நைட்ரஜன் குறைவு. அவற்றின் உடம்புக்கு நைட்ரஜன் வேண்டும். அதற்காகப் பழைய மக்கைக் குடைகின்றன. அறுத்த தாளை அப்படியே மடக்கி உழுதுவிட்டு உடனே நட்டால் பயிர் மஞ்சளாக நிற்பதை டெல்டாவில் எந்த விவசாயியும் சொல்வார். அந்த மஞ்சள்தான் இந்தப் பங்காளிச் சண்டையின் வெளித் தோற்றம்.

2007-ல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு என்னைச் சில நாள் தூங்கவிடவில்லை. ஃபோன்டேன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் புல்வெளி ஒன்றில் முக்கால் மீட்டர் ஆழத்து மண்ணை எடுத்து அதில் செல்லுலோஸ், அதாவது தாவர நாரின் அடிப்படைப் பொருள், கொஞ்சம் சேர்த்தார்கள். மண் மூச்சுவிடத் தொடங்கியது. வெளிவந்த மூச்சின் வயதைக் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு அளந்தபோது, சேர்த்த பொருளின் புது மூச்சோடு, சுமார் 2500 வருஷங்களுக்கு முந்திய கார்பனும் வந்துகொண்டிருந்தது. சங்கப் பாடல்கள் எழுதப்படுவதற்கு முன்பே ஏதோ ஒரு செடியின் உடம்பாக இருந்தது. அவ்வளவு காலம் அது கிடந்தது அழிக்க முடியாததாக இருந்ததால் அல்ல, யாரும் எழுப்பாததால்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

மண்ணில் எது நிலைக்கிறது என்ற கேள்விக்கு நெடுங்காலமாக ஒரு பதில் இருந்து வந்தது: கடினமானது நிலைக்கும். 1786-ல் ஆஹார்ட் என்ற ஜெர்மானியர் சதுப்பு நிலத்துக் கரிமண்ணைக் காரத்தில் கரைத்துக் கறுப்பான ஒரு வஸ்துவை எடுத்தார். அதன் வழியில் வந்தவர்கள், சருகின் எளிய பாகம் முதலில் தின்னப்பட்டுவிடும், எதற்கும் மசியாத லிக்னின் போன்ற பாகம் மிஞ்சி, பின்னிப் பிணைந்து, ஹ்யூமஸ் என்ற பிரம்மாண்டமான மூலக்கூறாக மாறி நிரந்தரமாக நிற்கும் என்று ஒரு கோபுரம் கட்டினார்கள். லேமன், க்ளேபர் என்ற இருவர் 2015-ல் எழுதிய கட்டுரை அந்தக் கோபுரத்தை ஆட்டிவிட்டது. அந்தக் கறுப்பு வஸ்து காரத்தின் வேலை, மண்ணில் அப்படியொன்றைக் காணவில்லை என்பது அவர்கள் கட்சி. இப்போதைய பார்வையில், நீண்ட நாள் தங்குவதில் கணிசமான பங்கு, எளிதில் தின்னப்பட்டு, நுண்ணுயிரின் உடம்பாகி, அந்த உடம்பு செத்து, களிமண் துகளின் மேல் ஒட்டிக்கொண்டதுதான். சுலபமாகச் செரித்தது தங்குகிறது. மசியாமல் நின்றது பல இடங்களில் அதற்கு முன்பே போய்விடுகிறது. தங்குதல் என்பது பொருளின் குணம் அல்ல, அது விழுந்த இடமும் அங்கே யார் இருந்தார்கள் என்பதும் சேர்ந்து தருகிற சந்தர்ப்பம்.

நம் வட்டத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு உடனே என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் தோன்றியது. கடினமான எழுத்தே காலத்தை வெல்லும் என்று நாம் நம்பி வந்திருக்கிறோம். முன்னூறு பிரதி அச்சிட்டு இருநூறைக் கட்டிலடியில் அடுக்கிவைத்த தைரியம் அந்த நம்பிக்கையிலிருந்து வந்தது. தின்னப்படாததால் நிற்கிறோமா, தின்ன ஆளில்லாததால் கிடக்கிறோமா என்ற சந்தேகம் ஒரு விமர்சகனுக்கு ஆரோக்கியமானதே. ஆனால் இதை மேலே இழுக்க விரும்பவில்லை. மண் நமக்கு உவமை சப்ளை செய்யும் கம்பெனி அல்ல. உவமையாக மாற்றிய கணத்தில் நாம் மண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

கேள்வியை அது எழுந்த இடத்திலேயே வைத்துப் பார்க்கலாம். கனடாவில் லெத்பிரிட்ஜ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய எச். எச். ஜான்சென் என்ற மண்ணியலாளர் 2006-ல் ஒரு கட்டுரை எழுதினார். மண்ணின் கார்பனைப் பதுக்கி வைக்கப்போகிறோமா, பயன்படுத்தப்போகிறோமா என்பது அதன் கேள்வி. மண்ணில் மக்கு இருப்பதால் பயிருக்கு என்ன நன்மை? அது சிதைவதால். சிதையும்போதுதான் நைட்ரஜன் வெளிவருகிறது, மண்புழு பிழைக்கிறது, மண் பொலபொலவென்று ஆகிறது. சிதையாமல் கிடக்கிற மக்கு காற்றுக்கு நல்லது, பயிருக்கு அதனால் லாபம் சொற்பம். சிதைந்துவிட்டால் பயிருக்கு நல்லது, காற்றில் கார்பன் கூடும். ஆக, நாம் மண்ணிடம் ஒரே சமயத்தில் இரண்டு கேட்கிறோம்: வைத்திரு, செலவழி. விஞ்ஞானக் கட்டுரை என்ற உறைக்குள் வந்த அறவியல் கேள்வி அது.

என் நண்பர் ஒருவர், கவிஞர், நாத்திகவாதத்தில் கூர்மையானவர், இதைக் கேட்டதும் சொன்னார்: "எல்லாம் கடைசியில் போகத்தானே போகிறது? அப்படியானால் அந்த அம்மாள் கொளுத்துவதில் என்ன தப்பு? கணக்கின் கடைசி வரி ஒன்றுதானே." தர்க்கம் சுத்தமாக இருந்தது. பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கொளுத்தினால் பத்து நிமிஷத்தில் போகிறது. மக்கினால் ஒரு வருஷத்தில் பெரும்பகுதி போகிறது. காற்றின் கணக்குக்கு வித்தியாசம் சொற்பம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் அந்த இலையைத் தின்று ஒரு கூட்டம் பிறந்து பெருகிச் செத்திருக்கிறது. ஒரு துளி களிமண்ணில் ஒட்டியிருக்கிறது. பத்து நிமிஷத்தில் இருமல் மட்டும் உண்டாகியிருக்கிறது. கடைசி வரியை மட்டும் படிப்பவனுக்கு இரண்டும் ஒன்று. மனிதனுடைய கணக்கையும் அப்படிப் படிக்கலாம். எல்லாப் பாஸ் புத்தகத்திலும் கடைசியில் பூஜ்யம்தான். நாம் அப்படிப் படிப்பதில்லை என்பது நம் பலவீனம் அல்ல என்றே எனக்குப் படுகிறது.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. அது படித்தவர்களின் தவறு. 2015-ல் பாரிஸ் மாநாட்டின்போது பிரான்ஸ் ஒரு திட்டத்தை அறிவித்தது: உலகத்து மண்ணின் கார்பனை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு நாலு பங்கு என்ற வீதத்தில் கூட்டுவது. நோக்கத்தில் குறை காண மாட்டேன். காடழித்து உழுத நிலங்கள் நிறையவே இழந்திருக்கின்றன. அவற்றுக்குத் தழையும் எருவும் திருப்பிக் கொடுப்பதைப் போல நியாயம் வேறில்லை. ஆனால் இதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு சந்தை வந்திருக்கிறது. ஒருவன் நிலக்கரியை எரிப்பான், எங்கோ ஒரு விவசாயியின் மண்ணில் அதே அளவு கார்பன் 'சேமிக்கப்பட்டது' என்று சீட்டு வாங்கிக்கொள்வான், கணக்கு நேர். நிலக்கரியில் இருந்த கார்பன் கோடிக்கணக்கான வருஷங்களாகப் புழக்கத்திலேயே இல்லாதது. மண்ணில் போய்ச் சேர்ந்ததோ அடுத்த உழவிலோ, ஒரு வறட்சியிலோ, ஒரு கூடை புதுத் தழையின் உசுப்பலிலோ கிளம்பிவிடக்கூடியது. நிரந்தர வைப்பை உடைத்து நடப்புக் கணக்கில் போட்டுவிட்டு மொத்த இருப்பு மாறவில்லையே என்று சாதிப்பதைப் போன்றது இது. எங்கள் கிளையில் ஒரு வாடிக்கையாளர் இப்படி வாதிட்டால் நாங்கள் சிரிப்போம்.

எனக்கு உறுத்துவது மோசடி மட்டுமல்ல, சொல்லும்தான். சேமிப்பு என்ற சொல் மண்ணுக்குள் ஒரு பெட்டகம் இருப்பதாக நினைக்கவைக்கிறது. பெட்டகம் இல்லை. அங்கே இருப்பதெல்லாம் தாமதம். ஒரு துணுக்கு மூன்று மாதம் தாமதிக்கிறது, ஒன்று முப்பது வருஷம், ஒன்று 2500 வருஷம். நாம் இருப்பு என்று கூட்டிச் சொல்வது, வெவ்வேறு நேரத்தில் புறப்படப்போகிற பிரயாணிகள் ஒரே சமயத்தில் ஸ்டேஷனில் நிற்பதை எண்ணிச் சொல்வது போலத்தான்.

தமிழில் செலவு என்ற சொல் நல்ல காலமாக இதற்குத் தயாராகவே இருக்கிறது. பழைய இலக்கியத்தில் அதற்குப் பணம் கரைவது என்ற பொருள் முதன்மையானதல்ல. போதல், பிரயாணம் என்பதே பொருள். பொருள் தேடிப் பிரிய நினைத்த தலைவன், தலைவியின் முகத்தைப் பார்த்துப் போகாமல் தயங்குவதைச் செலவழுங்குதல் என்றார்கள். இதைப் பற்றித் தொல்காப்பியம் கற்பியலில் சொல்வது எனக்கு எப்போதுமே வியப்பு: அந்தத் தயக்கத்துக்குப் போகவே மாட்டான் என்று அர்த்தமல்ல, தலைவியைத் தேற்றித் தெம்பூட்டுவதற்காகச் சற்றுத் தள்ளிப்போடுவது மட்டுமே அது. அவன் போவான். அவளுக்கும் தெரியும். இருந்தும் அந்தத் தள்ளிப்போடலுக்கு ஒரு பெயரும் இலக்கணமும் தேவைப்பட்டிருக்கிறது. தங்கிவிடுதல் என்ற பொய்யும் அல்ல, உடனே கிளம்புதல் என்ற கொடுமையும் அல்ல, நடுவில் ஒரு கடமை. மண்ணைப் பற்றிப் பேச எனக்குக் கிடைத்தவற்றில் இதைவிடச் சரியான சொல் இல்லை. ஆனால் தலைவனின் தயக்கம் ஒரு முறை. மண்ணின் தயக்கம் தொடர வேண்டுமானால் ஒவ்வொரு பங்குனியிலும் இலை விழுந்துகொண்டே இருக்க வேண்டும். யாராவது அதை விட்டுவைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை எழுத வேறொரு காரணமும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா தன்னுடைய ஆறு மா நிலத்தை விற்றார். விற்றார் என்பதைவிட நான் விற்கவைத்தேன் என்பதே சரி. அவருக்கு எழுபத்தாறு வயது. எனக்கு வரப்பில் நடக்கத் தெரியாது. பணம் என் கிளையிலேயே மூத்த குடிமக்கள் வட்டியில் வைப்பாகக் கிடக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அப்பா, "முப்பது வருஷம் போட்ட எருவு இந்தப் பத்திரத்துல எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். தொழுவுரம், கொழிஞ்சி, வாய்க்கால் கரையில் கழித்த பூவரசந் தழை. வண்டி வண்டியாகத் தானே நின்று இறைத்தது. பக்கத்தில் பத்து வருஷமாகத் தரிசாகக் கிடந்த நிலத்துக்கும் அவருடையதற்கும் வழிகாட்டி மதிப்பு ஒன்றே. நான் சிரித்து மழுப்பினேன். வாங்கியவர் இப்போது அறுவடை முடிந்ததும் தாளுக்குத் தீ வைக்கிறார் என்று கேள்வி. அப்பாவிடம் சொல்லவில்லை.

இவ்வளவும் படித்த பிறகு அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற ஆய்வுப் பண்ணையில் ஹூஸ்ஃபீல்ட் என்று ஒரு வயல். 1852-லிருந்து அங்கே பார்லி சோதனை நடந்துவருகிறது. ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் போட்டார்கள். இன்னொன்றுக்கு ஒருபோதும் போட்டதில்லை. மூன்றாவது பாத்திக்கு 1852-லிருந்து 1871 வரை இருபது வருஷம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அதற்கு ஒரு கூடை எரு விழுந்ததில்லை. அந்த மூன்றாவது பாத்தியின் மண்ணை நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து எடுத்து அளந்தபோதும், ஒருபோதும் எரு காணாத பாத்தியைவிட அதில் கார்பன் கூடுதலாகவே இருந்தது. வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வந்திருக்கிறது, ஆனால் தீரவில்லை. போட்டவர்கள் எப்போதோ செத்துப்போய்விட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். முழுவதும் கேட்டார். வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார்.

"எருவு போடறத ஏன் நிறுத்தினாங்களாம்?" என்றார்.

சோதித்துப் பார்ப்பதற்காக, என்றேன்.